ஆய்விதழ்ச் சந்தாவும் பயன்பாட்டுக் கணக்கும்: இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களில் ஓர் அளவுகோலின் வரலாறு

பல்கலைக்கழக நூலகங்களின் வரலாற்றை எழுதியோர் கட்டடங்களையும் நூற்றொகையையும் நூலகர்களின் பணிகளையும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். அந்நூலகங்கள் ஆண்டுதோறும் ஆய்விதழ்களுக்குச் செலுத்திய சந்தாவின் வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கணக்குப் பதிவேட்டில் உறங்கும் செய்தி என்பதால் இலக்கிய ஆய்வாளர் அதனை நாடுவதில்லை போலும். ஆயினும் எந்த இதழ் நூலகத்துக்குள் வரும், எந்த இதழ் நின்றுபோகும் என்பதை முடிவு செய்வது அந்தப் பதிவேடேயாகும்.

இன்றைய நூலகக் குழுக் கூட்டங்களில் ஒரு வாய்பாடு வழங்குகிறது. ஓர் இதழுக்கு ஓராண்டில் செலுத்திய சந்தாவை, அவ்வாண்டில் அவ்விதழ் பயன்படுத்தப்பட்ட எண்ணிக்கையால் வகுத்தால் 'ஒரு பயன்பாட்டுக்கான செலவு' கிடைக்கும். அத்தொகை மிகுதியாக வரும் இதழ் நீக்கத்துக்கு உரியது எனக் கொள்ளப்படும். கேட்பதற்கு நேரிய கணக்காகவே தோன்றுகிறது. சந்தா பொதுப்பணம், அது எவ்வாறு செலவாகிறது என வினவுவது முறையே. ஆனால், வகுக்கும் எண்ணாகிய 'பயன்பாடு' எப்போது, எத்துறையாரால், என்ன தேவை கருதி வரையறுக்கப்பட்டது என்பது ஆராயப்பட வேண்டும். அவ்வரையறை வேதியியலிலும் இயற்பியலிலும் உருவாகிப் பின்னர் மொழித்துறைகளின்மேல் அப்படியே ஏற்றப்பட்டது என்பதும், அதனால் தமிழ் ஆய்விதழ்கள் தம் மதிப்புக்கு மாறான இடத்தில் வைக்கப்படுகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. தமிழ்நாட்டுக்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இது உடனடிச் சிக்கலாகும். அங்கே ஒரு நூலகத்தில் ஒரு தமிழ் இதழ் நின்றுபோனால், அந்நகரில் அதன் வேறொரு படி இருப்பது அரிது.

தலைக்கு இவ்வளவு

1924ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன் அதற்கு முன்னர்க் கணிதப் பேராசிரியராக இருந்தவர். நூலகத்தையும் கணிதத்துக்குரிய ஒழுங்கோடு அணுகியவர். 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்னும் ஆங்கில நூலில், நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது முதல் விதி. இன்று பயன்பாட்டுக் கணக்கை ஆதரிப்போர் தம் கருத்துக்கு அரணாக இவ்விதியைக் காட்டுவதுண்டு. இரங்கநாதனின் கருத்தோட்டம் வேறு. பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகரே நூல்களை அணுகும் முறையைச் சென்னையில் கொணர்ந்தவர் அவர். பயன்பாடு என்பது நூலகம் தன் வாசகருக்குச் செய்ய வேண்டிய கடமை என்ற பொருளிலேயே அவர் எழுதினார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அவர் வகுத்த மூன்றாம் விதி. அதன்படி, ஒரு நூல் படிக்கப்படாமல் கிடந்தால் உரிய வாசகரிடம் அதனைச் சேர்க்காத நூலகமே விடை கூற வேண்டும். இன்றைய வாய்பாடோ குறையை இதழின்மேல் ஏற்றி, அதனை வெளியேற்றித் தீர்வு காண்கிறது. ஒரே சொல் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் எதிர்த்திசைக்குத் திரும்பிய வரலாறு இது.

விடுதலைக்குப் பின் அமைந்த குழுக்களும் பயன்பாட்டை எண்ணிப் பணம் ஒதுக்குமாறு கூறவில்லை. 1948-49இல் அமைந்த இராதாகிருஷ்ணன் குழு, பல்கலைக்கழகச் செலவில் ஆறேகால் விழுக்காட்டை அல்லது மாணவர் ஒருவருக்கு 40 ரூபாயை நூலகத்துக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழக மானியக்குழு 1957இல் இரங்கநாதன் தலைமையில் அமைத்த நூலகக் குழு, மாணவருக்கு 15 ரூபாய், ஆசிரியர் அல்லது ஆய்வாளருக்கு 200 ரூபாய் என்றது. 1964-66 காலத்துக் கோத்தாரி குழு அவற்றை 25 எனவும் 300 எனவும் உயர்த்தியது. மூன்றும் தலைக்கணக்குகளே. பல்கலைக்கழகங்கள் இவற்றை எவ்வளவு பின்பற்றின என்பது வேறு செய்தி. இங்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தலைக்கணக்கில் தமிழ் மாணவரும் வேதியியல் மாணவரும் ஒரே தொகைக்கு உரியவர்கள். இதழின் விலையோ அது படிக்கப்பட்ட அளவோ அக்கணக்கில் புகவில்லை.

எண்ணும் முறையின் தோற்றம்

எண்ணும் முறை அமெரிக்காவில் தொடங்கியது. கிராஸ் இணையர் 1927இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினர். சிறிய கல்லூரி ஒன்று தன் மாணவர்களை மேலாய்வுக்கு ஆயத்தப்படுத்த எந்த வேதியியல் இதழ்களை வாங்க வேண்டும் என்பதே அவர்களின் வினா. விருப்பு வெறுப்புக்கு இடங்கொடாமல் விடை காண அவர்கள் ஒரு வழி கண்டனர். அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அதில் மேற்கோளாகச் சுட்டப்பட்ட 3,633 இடங்களையும் இதழ்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் எண்ணினர். எந்த இதழ் மிகுதியாகச் சுட்டப்பட்டதோ அதனை முதலில் வாங்கலாம் என்றனர். எளிய, நேர்மையான முறை. அவர்கள் அதனை ஒரு கல்லூரிக்கும் ஒரு துறைக்கும் உரியதாகவே வகுத்தனர்.

1934இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தைச் சேர்ந்த எஸ். சி. பிராட்ஃபோர்டு மற்றோர் உண்மையைக் கண்டறிந்தார். ஒரு பொருள் பற்றிய கட்டுரைகளுள் மூன்றில் ஒரு பங்கு மிகச் சில இதழ்களில் குவிந்திருக்கும். அடுத்த ஒரு பங்கைப் பெறப் பல மடங்கு இதழ்களையும், எஞ்சிய பங்கைப் பெற அதனினும் பல மடங்கு இதழ்களையும் புரட்ட வேண்டியிருக்கும். மசகுப் பொருள்கள், புவி இயற்பியல் ஆகிய இரு துறைகளின் கட்டுரைப் பட்டியல்களே அவருக்குச் சான்றுகள். பிற்காலத்தில் இக்கண்டுபிடிப்பு, 'மையத்தில் உள்ள இதழ்களை வாங்கினால் போதும்' என்னும் நிருவாக விதியாக உருமாறியது. எஞ்சிய கட்டுரைகள் விளிம்பிலுள்ள பல இதழ்களில் சிதறிக் கிடக்கின்றன என்பதும் அதே ஆய்வின் முடிவு என்பதை நிருவாகம் மறந்தது.

யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட 'அறிவியல் மேற்கோள் அடைவு', கிராஸ் இணையர் கையால் செய்ததைக் கணினியால் பல்லாயிரம் மடங்காகச் செய்தது. அதிலிருந்து பிறந்த 'தாக்கக் காரணி', ஓர் இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் நடப்பு ஆண்டில் எத்தனை முறை சுட்டப்பட்டன என்பதைக் கொண்டு கணிக்கப்படுவது. ஏன் இரண்டு ஆண்டு? வேகமாக நகரும் உயிர்வேதியியல் போன்ற துறைகளுக்கு அது பொருந்தும். பர்ட்டன், கெப்ளர் என்னும் இருவர் 1960இல் கதிரியக்கத்திலிருந்து 'அரை ஆயுள்' என்னும் சொல்லை எடுத்து இதழியலுக்குப் பொருத்தினர். ஒரு துறையில் இப்போது சுட்டப்படும் எழுத்துகளில் பாதி எத்தனை ஆண்டுகளுக்குள் வெளிவந்தவை என்பதே அந்த அளவு. இயற்பியலுக்கு 4.6 ஆண்டு, புவியியக்கங்களை ஆராயும் நிலவியலுக்கு 11.8 ஆண்டு என அவர்கள் கணித்தனர். அறிவியலுக்குள்ளேயே இத்துணை வேறுபாடு. சங்க இலக்கியப் பாட ஆய்வுக்கோ கல்வெட்டாய்வுக்கோ அரை ஆயுள் என்னவாக இருக்கும் என அவர்கள் கணிக்கவில்லை. அது அவர்கள் பணியும் அன்று.

கிடப்பில் உள்ள நூல்களை எண்ணிய ஆய்வு ஒன்றும் இங்குச் சுட்டத்தக்கது. ஆலன் கென்டும் அவர்தம் குழுவினரும் 1979இல் வெளியிட்ட பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு, 1969இல் வாங்கிய நூல்களுள் ஏறத்தாழ 40 விழுக்காடு முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் பெறப்படவில்லை எனக் காட்டியது. அப்பல்கலைக்கழக ஆசிரியர்களே அதனைக் கடுமையாக மறுத்தனர். எனினும் 'வாங்கியதில் பாதி வீண்' என்னும் எண்ணம் நிருவாகிகள் மனத்தில் பதிய அவ்வாய்வு காரணமாயிற்று.

ரூபாயும் டாலரும்

இந்தியாவில் சந்தாச் சிக்கலை உருவாக்கியது வாசகர் குறைவு அன்று, நாணய மதிப்பே. 1966 சூன் 6ஆம் நாள் ஒரு டாலரின் மதிப்பு 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக மாற்றப்பட்டது. 100 டாலர்ச் சந்தா 476 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 750 ரூபாயானது. கோத்தாரி குழு தன் அறிக்கையை அளித்ததும் அதே மாதத்தில்தான். அக்குழு கூறிய 25 ரூபாயின் வாங்கும் ஆற்றல், வெளிநாட்டு இதழ்களைப் பொறுத்தவரை, அறிக்கையின் மை உலருமுன்னரே சுருங்கிவிட்டது. 1991 சூலையில் மீண்டும் அதே நிகழ்ந்தது. ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த டாலர் சில நாள்களில் 26 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. சந்தாவோ ஆண்டு தொடங்குமுன் முன்பணமாகச் செலுத்தப்பட வேண்டுவது. நூலகங்கள் வெட்டத் தொடங்கின.

இவ்விடத்தில் வெட்டு எங்கு விழுந்தது என்பதே வரலாற்றாசிரியர் காண வேண்டுவது. வெளிநாட்டு அறிவியல் இதழை நிறுத்தினால் அத்துறையினர் ஒருங்கே எதிர்ப்பர். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் பெறும் இந்திய மொழி இதழ் அமைதியாக நின்றுபோகும். பல வேளைகளில் நிறுத்த வேண்டும் என யாரும் முடிவெடுத்திருக்கவும் மாட்டார்கள். புதுப்பிக்கும் மடல் அனுப்பப்படாமலே விடுபட்டிருக்கும். தமிழ் இதழ்களுக்குச் சந்தா முகவர்கள் இல்லை. இதழாசிரியரே அஞ்சலட்டை எழுதி நினைவூட்ட வேண்டிய நிலை. நூலகங்களில் தமிழ் இதழ்த் தொகுதிகளைத் தேடியோர் இவ்விடைவெளிகளை நன்கறிவர். நான்கு ஆண்டுத் தொகுதி இருக்கும், இரண்டு ஆண்டு இராது, மீண்டும் ஓராண்டு இருக்கும்.

எல்லா இதழ்களையும் எல்லாரும் வாங்க வேண்டியதில்லை என்னும் நல்ல கருத்தும் இதே காலத்தில் நடைமுறையில் இருந்தது. யுனெஸ்கோவின் உதவியோடு 1952இல் தில்லியில் அமைந்த இன்ஸ்டாக் என்னும் அறிவியல் ஆவண மையம், எந்த அறிவியல் இதழ் எந்த நூலகத்தில் உள்ளது என்னும் ஒன்றிணைந்த பட்டியலை உருவாக்கியது. கேட்போருக்குக் கட்டுரைகளின் ஒளிநகலை அனுப்பியது. சமூக அறிவியல் இதழ்களுக்கும் பின்னர் அத்தகைய பட்டியல் உருவானது. மொழி, இலக்கிய ஆய்விதழ்கள் இவ்விரண்டின் எல்லைக்கும் அப்பாற்பட்டவை. இதனை ஒரு தற்செயல் எனக் கடந்து செல்ல இயலவில்லை. பட்டியலில் இடம்பெறாத இதழ், பின்னர் வந்த எல்லாக் கணக்குகளிலும் இடம்பெறாமற் போனது.

பார்ஷல் எழுதிய கணக்கு

பயன்பாட்டை அளப்பதில் இருந்த ஊக்கம் விலையை அளப்பதில் இல்லை. அக்குறையைப் போக்கியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழக இயற்பியலர் ஹென்றி பார்ஷல். தம் பல்கலைக்கழக நூலகம் இதழ்களை நிறுத்த வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டதைக் கண்டு, 1986இலும் 1988இலும் அவர் இயற்பியல் இதழ்களின் விலைகளை ஒப்பிட்டு எழுதினார். பக்க அளவு இதழுக்கு இதழ் மாறும் என்பதால், அச்சிட்ட ஆயிரம் எழுத்துகளுக்கு எவ்வளவு விலை எனக் கணித்தார். பின்னர் அதனைத் தாக்கக் காரணியோடு இணைத்து, செலுத்திய பணத்துக்கு என்ன கிடைக்கிறது எனக் காட்டினார். கற்றோர் கழகங்கள் நடத்திய இதழ்கள் மலிவாகவும், வணிகப் பதிப்பகங்களின் இதழ்கள் பல மடங்கு விலை மிக்கனவாகவும் இருந்தன.

பட்டியலின் அடிப்பகுதியில் இடம்பெற்ற கார்டன் அண்டு பிரீச் என்னும் பதிப்பகம் பார்ஷலின் மீதும், கட்டுரைகளை வெளியிட்ட இரு இயற்பியல் அமைப்புகளின் மீதும் ஐரோப்பாவில் வழக்குத் தொடுத்தது. 1993இல் அவ்விரு அமைப்புகளின் மீது அமெரிக்காவிலும் தொடுத்தது. கழகங்கள் தாமும் இதழ் வெளியிடுவோர் ஆதலால் இவ்வொப்பீடு பொய்யான விளம்பரம் என்பது அப்பதிப்பகத்தின் வாதம். 1997 ஆகஸ்டில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. அத்தீர்ப்பைக் காணப் பார்ஷல் இல்லை; அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் மறைந்துவிட்டார். ஓர் இதழின் விலையை வகுத்துக் காட்டியதற்காக ஓர் அறிஞர் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை வழக்கு மன்றங்களோடு கழித்தார் என்பது, சந்தா என்பது எத்தகைய பெருவணிகமாக வளர்ந்திருந்தது என்பதை உணர்த்தும். இராபர்ட் மேக்ஸ்வெல் 1951இல் தொடங்கிய பெர்கமான் பதிப்பகம் 1991இல் எல்சேவியருக்கு 44 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டதையும் உடன் வைத்துக் காணலாம்.

பார்ஷலின் கணக்கில் நாம் கற்க வேண்டியது ஒன்று உள்ளது. அவர் இதழ்களின் விலையைப் பதிப்பகத்தாரை நோக்கிக் கேள்வியாக எழுப்பினார். அவருக்குப் பின் வந்த நிருவாகம் அதே வகுத்தல் கணக்கைத் தன் வாசகரை நோக்கித் திருப்பியது.

தொகுப்பும் தரவிறக்கமும்

1996இல் பிரிட்டனில் அகாதெமிக் பிரஸ் தன் இதழ்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக மின்வடிவில் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. நூலகம் தனக்கு வேண்டிய இதழைத் தேர்வதற்கு மாறாகப் பதிப்பகத்தின் முழுப் பட்டியலையும் பெற்றது. கென்னத் ஃபிரேசியர் 2001இல் இவ்வொப்பந்த முறைக்குப் 'பிக் டீல்' எனப் பெயரிட்டு, இதில் சிக்கிய நூலகம் பின்னர் வெளியேற இயலாது என எச்சரித்தார். இந்தியாவில் 2003இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் இன்டெஸ்ட் கூட்டமைப்பு ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்களுக்கும், அதே ஆண்டு திசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த யுஜிசி-இன்ஃபோநெட் மின்னிதழ்க் கூட்டமைப்பு பல்கலைக்கழகங்களுக்கும் அமைந்தன. 2015இல் இவை 'இ-சோத்சிந்து' என ஒன்றாயின. தில்லி, சென்னை போன்ற நகரங்களுக்கு வெளியே இருந்த பல்கலைக்கழகங்கள் முதன்முறையாகப் பெருமளவில் வெளிநாட்டு இதழ்களைக் கண்டது இக்கூட்டமைப்புகளால்தான். அந்நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் பயன்பாடு என்னும் சொல்லின் பொருள் இங்கே மூன்றாம் முறையாக மாறியது. 2002இல் தொடங்கிய 'கவுன்டர்' என்னும் பன்னாட்டு அமைப்பு, மின்னிதழ்ப் பயன்பாட்டை எவ்வாறு எண்ணுவது என விதி வகுத்தது. ஒருவர் ஒரே கட்டுரையை 30 நொடிக்குள் இருமுறை அழுத்தினால் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது போன்ற நுணுக்கங்களும் அதில் உண்டு. எண்ணியவர் விற்பவரே, விதி பொதுவானது, கருவி பதிப்பகத்தின் கையில். கட்டுரை படிக்கப்பட்டதா, பயன்பட்டதா என்பதை அவ்வெண் கூறாது, திறக்கப்பட்டது என்பதை மட்டுமே கூறும். 2011இல் தோன்றிய சை-ஹப் போன்ற தளங்களின் வழியாக நிகழும் வாசிப்பு, எந்த நூலகக் கணக்கிலும் இல்லை. 2020 திசம்பரில் எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகியவை தில்லி உயர்நீதிமன்றத்தில் அத்தளத்தின்மீது வழக்குத் தொடுத்தது பலரும் அறிந்ததே.

நடுவண் அமைச்சரவை 2024 நவம்பர் 25இல் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், அரசு நிருவாகத்தின் கீழுள்ள 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்கள், 1.8 கோடி அளவிலான மாணவர், ஆசிரியர், ஆய்வாளர். இவ்வெண்களை வகுத்துப் பார்த்தால், ஆண்டுக்கு ஓர் இதழுக்குச் சராசரியாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல், ஒரு நிறுவனத்துக்கு 32 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, ஒருவருக்கு ஏறத்தாழ 1,110 ரூபாய் என வருகிறது. கோத்தாரி குழுவின் தலைக்கணக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் மீண்டுள்ளது எனலாம். ஒரு வேறுபாடு உண்டு. அன்று தலைக்குரிய பணம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வரவேண்டும் எனவும், எதை வாங்குவது என்பதை அதுவே தேர வேண்டும் எனவும் கொள்ளப்பட்டது. இன்று தேர்வு தில்லியில் நிகழ்கிறது. ஒவ்வொரு தமிழ்த்துறை மாணவரின் பெயரிலும் அந்த 1,110 ரூபாய் செலவாகிறது. மதுரையிலும் கரந்தையிலும் வெளிவந்த, வெளிவரும் இதழ் எதுவும் பன்னாட்டுப் பதிப்பகங்களின் அப்பட்டியலில் இல்லை.

தமிழ் இதழ்கள் இக்கணக்கில் படும் பாடு

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகக் கற்பித்தவை. ஒரு மின்னிதழின் சந்தா ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், தரவிறக்கம் 4,000. ஒரு பயன்பாட்டுக்கு 50 ரூபாய். ஒரு தமிழ்க் காலாண்டிதழின் சந்தா 500 ரூபாய், பதிவேட்டில் உள்ள பயன்பாடு 2. ஒரு பயன்பாட்டுக்கு 250 ரூபாய். வாய்பாட்டின்படி தமிழ் இதழ் ஐந்து மடங்கு விலை மிக்கது, நீக்கத்துக்கு உரியது. அதனை நீக்கிய நூலகம் மிச்சப்படுத்தும் தொகை 500 ரூபாய். வகுத்து வரும் ஈவை மட்டும் நோக்கி, வகுபடும் தொகையை மறப்பதால் நேரும் விந்தை இது.

அடுத்து, அந்த '2' எங்கிருந்து வந்தது? அச்சிதழ்கள் பெரும்பாலும் இரவல் தரப்படுவதில்லை. வாசகர் அலமாரியிலிருந்து எடுத்து, மேசையில் வைத்துப் படித்து, குறிப்பெடுத்து, அங்கேயே விட்டுச் செல்வார். பணியாளர் மீண்டும் அடுக்குவார். மீள அடுக்குமுன் ஒரு கோடிட்டுக் குறிக்கும் வழக்கம் உள்ள நூலகத்தில் மட்டுமே அது பயன்பாடாகப் பதிவாகும். ஆகவே மின்னிதழின் 4,000 என்பது பொறி எண்ணியது. தமிழ் இதழின் 2 என்பது யாரும் எண்ணாதது. இவ்விரண்டையும் ஒரே நிரலில் எழுதுவதே பிழை.

இவை இரண்டும் நடைமுறைக் குறைகள், திருத்திக்கொள்ளலாம். மூன்றாவது குறை அடிப்படையானது. வாய்பாடு ஓராண்டுச் சந்தாவை ஓராண்டுப் பயன்பாட்டால் வகுக்கிறது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் 'செந்தமிழ்' 1902இல் தொடங்கியது. ஏடுகளில் மட்டும் இருந்த சிறுநூல்கள் பல அதன்வழி முதன்முதல் அச்சேறின. 1923இல் தோன்றிய 'செந்தமிழ்ச் செல்வி', 1925இல் கரந்தைத் தமிழ்ச்சங்கம் தொடங்கிய 'தமிழ்ப்பொழில்', 1952இல் தனிநாயகம் அடிகள் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்', 1969இல் நா. வானமாமலை தொடங்கிய 'ஆராய்ச்சி' ஆகியவற்றை இன்று நாம் எடுத்து நோக்குவது அவை வெளிவந்த ஆண்டில் எத்தனை பேர் படித்தனர் என்பதைக் கொண்டன்று. 1925ஆம் ஆண்டுச் சந்தாவுக்கு 2025இலும் பயன் விளைகிறது. ஒருமுறை செலுத்திய சில ரூபாயை நூறு ஆண்டுப் பயன்பாட்டால் வகுக்க வேண்டியதை, முதலாண்டின் எண்ணால் வகுத்து முடிவு காண்பது பொருந்தாது. அச்சிதழுக்குச் செலுத்திய சந்தா நூலகத்தின் உடைமையாகிறது. மின்னிதழ்த் தொகுப்புக்குச் செலுத்துவது பெரும்பாலும் வாடகை. ஒப்பந்தம் முடிந்தபின் எவ்வளவு எஞ்சும் என்பது ஒப்பந்த விதியைப் பொறுத்தது. உடைமையையும் வாடகையையும் ஒரே வாய்பாட்டால் ஒப்பிடும் வழக்கம் வேறெந்தக் கணக்கியலிலும் இல்லை.

பயன்பாடு கேட்காமல் வாங்கியோர் இருவரை வரலாறு நமக்குக் காட்டுகிறது. ஒருவர் அமெரிக்க அரசு. பி.எல். 480 சட்டத்தின்கீழ் இந்தியா பெற்ற கோதுமைக்காக ரூபாயில் திரண்ட நிதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தில்லி அலுவலகம் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் நூல்களையும் இதழ்களையும் பல படிகளாக வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அவற்றை அங்கே அன்று படிக்கக்கூடியோர் மிகச் சிலரே. மற்றொருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. தனியொருவராக நூல்களோடு இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் திரட்டி, 1992இல் மறைந்தார். அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்று, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாகக் காரணமாயிற்று. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அச்சேகரிப்பிலிருந்து இன்று எழுதப்படும் ஆய்வேடுகள் பல. பல்கலைக்கழக நூலகங்கள் செய்திருக்க வேண்டியதை ஒரு தனிமனிதர் தம் கைப்பொருளால் செய்தார் என்பதை நாம் பெருமையாக மட்டும் கூறிக்கொள்ள முடியாது.

மின்வடிவாக்கம் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டது என்போர் உளர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து வெளியீடுகளுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் ஆற்றிவரும் பணி அளப்பரியது. கொல்கத்தாவிலோ அலிகாரிலோ இருக்கும் ஆய்வாளர் பழைய இதழ் ஒன்றைத் தம் அறையிலிருந்தே படிக்க இயல்கிறது. ஆயினும் மின்வடிவாக்க ஒரு முழுமையான அச்சுத்தொகுதி எங்கேனும் இருக்க வேண்டும். எவரோ சந்தா செலுத்தி, எவரோ அட்டை கட்டி, எவரோ கரையானிடமிருந்து காத்த தொகுதி அது. மின்னூலகத்தில் அது பல்லாயிரம் முறை திறக்கப்பட்டாலும், காத்த நூலகத்தின் கணக்கில் ஒன்றுகூட ஏறுவதில்லை.

மானியக்குழுவின் இதழ்ப் பட்டியல்கள் மற்றொரு திரிபை உண்டாக்கின. 2017இல் ஒப்புதல் பெற்ற இதழ்களின் பட்டியல், 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்கள் நீக்கம், 2019இல் 'கேர்' பட்டியல், 2025 பிப்ரவரியில் அதன் கைவிடல் என எட்டு ஆண்டுகளில் நான்கு நிலைகள். அக்காலத்தில் ஓர் இதழ் பட்டியலில் உள்ளதா என்பதே சந்தாவுக்கும் அளவாகியது. கட்டுரை வெளியிடுவோரின் தேவையும் கட்டுரை படிப்போரின் தேவையும் வேறு வேறு என்பது நம் துறைகளிலேயே மறக்கப்பட்டது. இதில் பிறரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

துறைகள் செய்யக்கூடியது

அளவே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எண்ணிக்கை காட்டாத துறைக்கு எந்த நூலகக் குழுவும் செவிசாய்க்காது. கிராஸ் இணையர் செய்ததைத் தமிழுக்கு உரியவாறு செய்யலாம். ஒரு தமிழ்த்துறையில் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் அளிக்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்களை எடுத்து, அவற்றில் சுட்டப்பட்ட இதழ்களை ஆண்டுவாரியாக எண்ண வேண்டும். அவ்வெண்ணிலிருந்தே நம் துறைக்குரிய அரை ஆயுளும் தெரியவரும்.

அவ்வாறு எண்ணுவோர் ஒரு தடையை முன்னறிந்திருக்க வேண்டும். தமிழில் இதழ்க் கட்டுரைகள் விரைவில் நூலாகத் தொகுக்கப்படுகின்றன. ஆய்வாளர் தொகுப்பு நூலைச் சுட்டுவார். முதலில் வெளியிட்ட இதழின் பெயர் மறைந்துவிடும். எனவே தொகுப்பு நூல்களின் முன்னுரைகளையும் பதிப்புக் குறிப்புகளையும் புரட்டி, ஒவ்வொரு கட்டுரையும் முதலில் எந்த இதழில் வந்தது எனக் கண்டு, அவ்விதழின் கணக்கில் சேர்க்க வேண்டும். வெவ்வேறு மாநிலங்களில் உள்ள தமிழ்த்துறைகள் இதழ்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, இவ்விதழை இந்நூலகம் இடையறாது வாங்கிக் காக்கும் என உடன்பட்டால், ஒரு துறைக்கு நான்கைந்து இதழ்களுக்கு மேல் பொறுப்பு வராது. எந்தத் தொகுதி எங்கே குறைகிறது என்னும் பட்டியல் அவ்வுடன்பாட்டின் முதற்படி. அடுத்த ஆண்டுக்கான சந்தாப் பட்டியல் பல பல்கலைக்கழகங்களில் ஆண்டின் இறுதி மாதங்களில் நூலகக் குழுவின் முன் வைக்கப்படும். கோடை விடுமுறையில் தொடங்கினால், இவ்விரு பட்டியல்களையும் அக்கூட்டத்துக்கு முன்னரே ஆயத்தம் செய்துவிடலாம்.